சுண்ணாம்புக் குழிக் கை

போன மாதம் ஆம்பூர் கடைத்தெருவில் சினிமாக்காரர்கள் ஒரு பேங்க் கட்டினார்கள். ப்ளைவுட்டில் சுவர், மஞ்சள் பெயிண்ட், பழைய எழுத்தில் போர்டு, வாசலில் தோட்டா பெல்ட் மாட்டிய காவலாளி. இரண்டு நாள் கழித்து அதைக் கொள்ளையடித்தார்கள். ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். கொள்ளைக்காரனாக நடிப்பவர் ஆறடி உயரம், கோட்டு, கூலிங் கிளாஸ். நான் பிடித்த நிஜக் கொள்ளைக்காரன் ஏகாம்பரம் என் தோளுக்குத்தான் இருப்பான். முன்பல் ஒன்று கிடையாது.

என் பெயர் தேவராஜ். மாதனூருக்குப் பக்கத்தில் வீடு. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து முப்பத்தாறு வருடம் போலீசில் இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். ‘பூட்ஸ்’ ஏகாம்பரத்தைத் துரத்திய தனிப்படையில் உயிரோடு மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லி, சிந்து என்ற உதவி இயக்குநர் என்னைத் தேடி வந்தார். முப்பது வயதுப் பெண், கையில் நோட்டு. ஜீப் என்ன கலர், தொப்பி எப்படி இருக்கும், வயர்லெஸ்ஸில் என்ன பேசுவீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்.

“கிருஷ்ணகிரி ரோட்ல நாப்பது கிலோமீட்டர் சேஸ் பண்ணீங்கன்னு கேள்விப்பட்டோம் சார்.”

“பஸ்லதாம்மா போனோம். ஜீப்ல டீசல் இல்ல.”

அவர் முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது. அதனால்தான், அதுவரை என் மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். சொன்னதன் பலனை அப்புறம் சொல்கிறேன்.

என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஆள். பச்சைத் தோலில் இருக்கும் மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். குழியில் இறங்கித் தோலைப் புரட்டுவதும் இழுத்துப் போடுவதும்தான் அவருக்கு வேலை. தோலை மட்டும்தான் தின்ன வேண்டும், ஆளை விட்டுவிட வேண்டும் என்று சுண்ணாம்புக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா காரக் குழம்புச் சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுவார், விரல் எரியும் என்பதால். சம்பள நாளில் ரிஜிஸ்டரில் பெருவிரலை வைத்தால் கோடே இல்லாமல் வெறும் மைப்பொட்டு விழும். “இன்னாய்யா, மசால் வடை வச்சிட்டுப் போற?” என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். நான் அந்த வேலைக்குப் போகக்கூடாது என்பது ஒன்றுதான் அப்பாவுக்கு ஆசை. போலீசில் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட விட்டார்கள், ஓடினேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் அடுத்தடுத்து இரண்டு பேங்கில் கொள்ளை நடந்தது. இரண்டும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். ஒருவன் வாசலில் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் உட்கார்ந்திருப்பான், இன்னொருவன் நாட்டுத் துப்பாக்கியோடு உள்ளே போவான். முகத்தில் கைக்குட்டை. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது அவன் பூட்ஸ்தான். கூர் மூக்கு வைத்த எக்ஸ்போர்ட் பூட்ஸ். பேப்பர்காரர்கள் ‘பூட்ஸ் திருடன்’ என்று எழுதினார்கள். ஏழைகளுக்கு அள்ளிக் கொடுக்கிறான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவன் யாருக்காவது ஒரு டீ வாங்கிக் கொடுத்ததாகக்கூட எங்களுக்குத் தகவல் இல்லை.

மூன்றாவது கொள்ளை நான் வேலை பார்த்த ஊரிலேயே நடந்தது. ஊர்ப் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை.

சம்பவம் நடந்த இடத்தைக் காப்பது கான்ஸ்டபிள் வேலை. யாரும் எதையும் தொடக் கூடாது. மண்ணில் கால் தடம் இருந்தால் மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் சட்டி வாங்கி மூன்று தடத்தைக் கவிழ்த்து வைத்தேன். அதில் இரண்டு காவலாளியின் தடம் என்று பிறகு தெரிந்தது. சாயங்காலம் வேலூரிலிருந்து கைரேகை நிபுணர் மரப்பெட்டியோடு பஸ்ஸில் வந்தார். கேஷியர் கூண்டின் கண்ணாடியில் கொள்ளைக்காரன் இடது கையை ஊன்றி எட்டிப் பார்த்திருந்தான். நிபுணர் மெல்லிய பிரஷ்ஷில் சாம்பல் நிறப் பவுடரைத் தொட்டுக் கண்ணாடியில் தடவினார். ஐந்து விரலும் எழும்பி வந்தன. விரலின் நடுக்கணுவில் கோடு கோடாக ரேகை தெரிந்தது. நுனியில் மட்டும் ஒன்றுமில்லை. ஐந்து நுனியும் வழவழவென்று இருந்தன.

“கிளவுஸ் இல்ல. கிளவுஸ் போட்டிருந்தா கீழேயும் வராது. இப்படி நான் பார்த்ததில்ல” என்றார் நிபுணர்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “ஐயா, இது சுண்ணாம்புக் குழிக் கை.”

இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் திரும்பிப் பார்த்தார். அவர் கீழே எட்டு மாதம் வேலை பார்த்திருந்தேன். அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். “உங்க பேர் என்ன?”

அன்று இரவே தனிப்படையில் என்னைச் சேர்த்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த நிபுணருக்குத் தெரியாதது குழி ஆள் மகனுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு கர்வம்.

அரங்கநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பார்த்த அதிகாரிகளில் மரியாதை தெரிந்த மனுஷன் அவர்தான். யாரையும் ‘டா’ போட மாட்டார். பழைய கேடியைக்கூட ‘உட்காருங்க’ என்பார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். வாழ்க்கையில் ஒருவர் மேலும் அவர் கை பட்டதில்லை. விசாரணையில் ஒரு கட்டம் வந்ததும் பேனாவை மூடிப் பையில் சொருகுவார். “நான் ஒரு டீ சாப்பிட்டு வர்றேன்” என்று எழுந்து போவார். அதுதான் உத்தரவு. அவர் போனதும் ஏட்டு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். இருபது நிமிஷம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து, கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, “ஏதாவது சொன்னாரா?” என்று கேட்பார். ‘சொன்னாரா’ என்றுதான் கேட்பார். மரியாதை குறையாது.

மூன்று தோல் ஷாப்புகளின் குழி ஆட்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினோம். கையை நீட்டச் சொன்னோம். நான் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் என் அப்பா கை. பலர் என்னைத் தெரிந்தவர்கள், சிரித்தார்கள். “இன்னா தேவா, கலியாணத்துக்கு வளையல் அளவு எடுக்கிறியா?” என்றார் ஒருவர். நான் சிரிக்கவில்லை. கடமையில் இருந்தேன்.

நுனி வழவழப்பாக இருந்தவர்கள் பதினான்கு பேர். அதில் கொள்ளை நடந்த அன்று வேலைக்கு வராதவர் ஒருவர். கன்னியப்பன். அப்பாவோடு ஒரே குழியில் பன்னிரண்டு வருடம் நின்றவர். அப்பா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர். நான் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, “உடம்பு சரியில்ல, வூட்ல இருந்தேன்” என்றார். தெருவில் விசாரித்தால், காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பொய் சொன்னவனைப் போலீஸ் விடுமா?

அவரைக் கைது என்று காட்டவில்லை. கொள்ளைபோன பணம் கிடைத்த பிறகுதான் காகிதத்தில் ஏற்றுவது அன்றைய வழக்கம். ஸ்டேஷனுக்குப் பின்னால் பாழடைந்த குவார்ட்டர்ஸ் ஒன்று இருந்தது. அங்கே வைத்தார்கள். மெட்ராசுக்குத் தோல் லோடோடு போயிருக்கிறார் என்று வீட்டார் வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டார்கள். இன்றைக்கும் நீங்கள் எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் கன்னியப்பன் என்ற பெயர் அந்த வழக்கில் இருக்காது.

மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டார். பணம் எங்கே என்றால் தெரியாதவர் என்ன சொல்வார்? நாலாம் நம்பர் குழியில் போட்டிருக்கிறேன் என்றார். ஆள் வைத்து அந்தக் குழியை இறைத்தோம். அடியில் சுண்ணாம்புச் சேறுதான் இருந்தது. அவர் குழி ஓரத்தில் விலங்கோடு உட்கார்ந்து, வேலை செய்யும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரம் வெளியே இருக்கலாம் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அங்கேயே தோன்றியது. மறுநாள் கிணறு என்றார். கிணற்றையும் இறைத்தோம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் காவல் என் முறை. டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். பன்னை நனைத்து நனைத்துச் சாப்பிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“தேவா, அன்னிக்கி நான் காவேரிப்பாக்கம் போயிருந்தேன். நம்ம பொண்ணு செல்விக்கு மாப்ள பார்க்க.”

“இத மொதல் நாளே சொல்லியிருக்கலாமில்ல சித்தப்பா?”

“சொன்னா ஜீப் போவும். அவுங்க வாசல்ல ஜீப் நின்னா அந்தச் சம்மந்தம் அன்னியோட முடிஞ்சிது. நல்ல பையன் தேவா. ரெண்டு ஏக்கர் ஏரிப் பாசனம். கேக்கவே மாட்டேன்னுட்டாங்க, நகை நட்டு எதுவும்.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ அங்க போவாத. ஐயாகிட்டயும் சொல்லாத. கல்யாணம் முடியட்டும், அப்புறம் என்னைய ஜெயில்ல போட்டாலும் போடுங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஆனால் எனக்கு வழி தெரியும். ஒரு வீட்டுக்குள் நுழையாமலே அந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கண்டுபிடிக்கிற வேலைதான் நாங்கள் பார்ப்பது. மஃப்டியில் போய், ஏரிக்கரை டீக்கடையில் உட்கார்ந்து, அன்று மாப்பிள்ளை வீட்டுக்கு வெளியூர் ஆள் வந்தாரா என்று பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்த வீட்டுக்குத் தகவல்கூடப் போகாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு ஓய்வு நாள். போய்வர ஒரு பகல் போதும்.

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். “தேவராஜ், ரிவார்டுக்கு உங்க பேரை எழுதியிருக்கேன். சுண்ணாம்புக் கைன்னு முதல்ல சொன்னது நீங்கன்னு தனியாக் குறிச்சிருக்கேன். டி.எஸ்.பி. உங்களைப் பார்க்கணும்னு சொன்னார்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் காவேரிப்பாக்கம் போகவில்லை. வீட்டில் இருந்தேன். யூனிஃபாரத்துக்குக் கஞ்சி போட்டேன், இஸ்திரிப் பெட்டி போட்டேன், பெல்ட்டின் பித்தளையைத் தேய்த்தேன். போனால் என்ன தெரியவரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் போகவில்லை. வேறு ஒரு காரணமும் இல்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் டீ சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கன்னியப்பனின் வலது மணிக்கட்டு உடைந்தது.

புதன்கிழமை திருப்பத்தூர் பக்கம் நான்காவது கொள்ளை நடந்தது. கூட்டாளி செய்திருப்பான் என்றார் இன்ஸ்பெக்டர், குரல் மாறாமல். மோட்டார் சைக்கிளை வழியில் போட்டுவிட்டு இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. கிருஷ்ணகிரி போகும் பஸ் ஒவ்வொன்றிலும் மஃப்டியில் ஆள் ஏற உத்தரவு. நான் நாட்றம்பள்ளியில் ஏறினேன்.

இரண்டு சீட் முன்னால் ஜன்னலோரம் ஒருவன், மடியில் ஜவுளிக்கடைப் பை. விரல் நுனியிலிருந்து எதையோ உரித்துக்கொண்டிருந்தான். வெயில் பட்டு உரிகிற தோல் மாதிரி மெல்லிய ஏடு. உரித்து, உருட்டி, ஜன்னல் வழியே போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. காற்றில் அந்த வாசனை பின்னால் வந்தது. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் போகாது. ஷூ கம்பெனியில் மேல்தோலை ஒட்டுகிற சொல்யூஷன். ஒட்டும் செக்‌ஷனில் வேலை பார்ப்பவர்களுக்கு விரலில் அது காய்ந்து படிந்துவிடும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உரித்துக்கொண்டே போவார்கள். தினமும் அவர்களோடு பஸ்ஸில் போனவன்தான் நான். கண்ணாடியில் வழவழவென்று ஐந்து நுனியைப் பார்த்தபோது எனக்கு அது ஞாபகம் வரவில்லை. என் அப்பா கைதான் ஞாபகம் வந்தது.

குனிந்து காலைப் பார்த்தேன். கூர் மூக்கு பூட்ஸ்.

எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். “கையைக் காட்டு.”

அவன் பதறவில்லை. பொக்கை தெரியச் சிரித்தான். “இன்னா சார், ரேகை பார்ப்பீங்களா?”

ஏடு உரிந்த பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை பளிச்சென்று இருந்தது. பையில் பேங்க் முத்திரைத் தாள் சுற்றிய கட்டுகள், அடியில் துப்பாக்கி. கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தார்கள். அவ்வளவுதான் துரத்தல். நாடே தேடிய ஆளைப் பிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த மணிக்கட்டைப் பிடித்திருந்த நேரம் முழுக்க இன்னொரு மணிக்கட்டுதான் என் கண்ணில் நின்றது.

அன்று சாயங்காலமே கன்னியப்பனை விட்டார்கள். இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே டீ கொடுத்து, “தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார். அவரும் இல்லைங்க ஐயா என்றார். அடுத்த மாதம் செல்வியின் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வைக்கத் தாம்பூலத் தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு வந்தார். எனக்கு டூட்டி என்று சொல்லிவிட்டேன். ரிவார்டு வந்தது. ஏகாம்பரத்தைப் பிடித்ததற்காக என்று போட்டிருந்தார்கள். கன்னியப்பனால் அதற்கப்புறம் தோலைப் பிடித்து இழுக்க முடியவில்லை. அதே தோல் ஷாப்பில் முற்றம் பெருக்கினார். வழியில் பார்த்தால் நின்று, “நல்லா இருக்கியா தேவா” என்பார். குழிக் கை என்று முதலில் சொன்னது நான்தான் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நானும் நல்லா இருக்கேன் சித்தப்பா என்பேன். ஆறு வருடம் முன்னால் செத்துப்போனார்.

இவ்வளவையும்தான் சிந்துவிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார். கண் கலங்கியது போலத்தான் இருந்தது. அடுத்த வாரம் சந்தோஷமாக வந்தார்.

“சார், டைரக்டருக்கு அந்த சீன் ரொம்பப் பிடிச்சிருச்சு. கண்ணாடியைப் பார்த்துட்டு ஒரு சாதாரண கான்ஸ்டபிள், ‘ஐயா, இது சுண்ணாம்புக் குழிக் கை’ன்னு சொல்றார். இன்டர்வெல் பிளாக் அதுதான். அதை வச்சே கேங்கைப் பிடிக்கிறாங்க.”

“கன்னியப்பன்?”

“அது வேற கதையா போயிருது சார். ஹீரோ டிராக் அடிபடும்.”

அதை எடுத்துவிடுங்கள் அம்மா என்று கெஞ்சிப் பார்த்தேன். உங்கள் பெயர் வராது சார், பயப்படாதீர்கள் என்றார். ஊரில் யார் பார்த்தாலும் அந்தக் கான்ஸ்டபிள் யார் என்று தெரிந்துவிடும். செல்வியும் பார்ப்பாள். யாரோ கைதட்டுவதற்கு நடுவில் உட்கார்ந்து அவள் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. மறுநாள் காவேரிப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். அந்த வீட்டு வாசலை முதல்முறையாக மிதித்தேன்.

செல்விக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். அடையாளம் கண்டுகொண்டாள். “வாங்கண்ணா” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கணவர் வயலுக்குப் போயிருந்தார். தட்டில் முறுக்கு வைத்தாள். நான் வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். முதலில் கை காட்டிவிட்டது நான்தான் என்றேன்.

“தெரியும்ணா. அப்பாவுக்கும் தெரியும். ஏட்டு சொல்லிட்டாரு அப்பவே.”

ஆறுதலாக அவளே சொன்னாள். “அத அவரு தப்பா எடுத்துக்கல. சின்ன வயசு, தெரியாம சொல்லிட்டான்னாரு. ஆனா தேவா வாக்கு தவறாதவன்னு சாவற வரைக்கும் சொல்லினிருந்தாரு. ‘அவன் நெனச்சிருந்தா இங்க வந்து விசாரிச்சி, என்னைய அன்னிக்கே வெளிய எடுத்துக் கேஸ முடிச்சி நல்ல பேரு வாங்கியிருக்கலாம். உன் கல்யாணம் நின்னுடும்னு போவாம இருந்துட்டான். கை போனா போவட்டும்’னு. நானும் உங்கள அப்படித்தான் நெனச்சினிருக்கேன்.”

வாசலில் பஸ் ஹாரன் கேட்டது. எழுந்து போய்விட்டிருக்கலாம். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை உண்மை சொல்லச் சொல்லி உட்கார வைத்தவன், எழ முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். டீக்கடையில் விசாரித்திருந்தால் இந்த வீட்டுக்குத் தெரிந்தே இருக்காது என்பதையும், ரிவார்டையும், பெட்டி போட்ட யூனிஃபாரத்தையும் சொன்னேன்.

செல்வி விரல் விட்டு நாளை எண்ணினாள்.

“அப்ப திங்கக்கெழமைக்கு முன்னாடியே வுட்டிருப்பாங்க.”

“ஆமாம்மா.”

“கல்யாணமும் நின்னிருக்காது.”

“நின்னிருக்காது.”

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இத அவரு இருக்கசொல்ல வந்து சொல்லியிருந்தா, உங்கள நாலு வார்த்தையாவது கேட்டிருப்பாரு. அவரு உங்கள கும்புட்டுட்டே போய்ட்டாரு. இப்ப எங்கிட்ட சொல்றீங்களே, நான் இன்னா பண்ணட்டும் சொல்லுங்க?”

அவள் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, போய்ட்டு வர்றேன்மா என்று உள்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.